காதளவு வாள்

அக்டோபர் 17, வியாழன்.

ஒரு சிறு பிழையை முதலில் எழுதிவிடுகிறேன். உடைந்த வாளைச் சோதித்தபோது அதன் கைப்பிடியை நான்கு பக்கமும் படம் பிடித்தேன். வாளின் நீளத்தை அளக்கவில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். இரண்டு கண்களுக்கு இடையே உள்ள தூரத்தை நாள் முழுவதும் அளக்கிறேன். கண்ணெதிரே கிடந்த வாளை அளக்கத் தோன்றவில்லை.

அளந்திருந்தால் பெரிய பிழை நடந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை மாலை, பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து மைதானத்தில், எங்கள் வாள் வகுப்பில் அது நடந்தது. முன்வரிசையில் நின்ற லுவோ அண்ணன் வாளைச் சுழற்றித் தாழ்த்தினார். வாள் கைப்பிடியை விட்டுக் கழன்று பறந்தது. வகுப்பு நடத்தும் பாங் ஆசிரியையின் முன்கையைக் கிழித்துக்கொண்டு போய் விழுந்தது. முனை மழுங்கலாக இருந்ததால் தையலோடு போயிற்று.

கைப்பிடிக்குள் பார்த்தேன். நல்ல பயிற்சி வாளில், வாளின் வால், அதாவது கைப்பிடிக்குள் நுழையும் பகுதி, அகலமாக, கைப்பிடியின் கடைசி வரை போகும். இதில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய கம்பியைப் பற்றவைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

வகுப்பில் எல்லோரும் ஹுய்மெய் கடையில் வாள் வாங்கியவர்கள். வாங்கச் சொன்னவள் நான். 'ஏழை வாள்காரி' என்ற பெயரில் போனில் எழுதுகிறேன். கொஞ்சச் சம்பளத்தில் உருப்படியான வாள் எப்படி வாங்குவது, எதை வளைத்துப் பார்ப்பது, எடை எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம். எங்கள் ஊரான லோங்சுவானில் நான்கு கடைக்கு ஒன்று வாள் கடை. அதனால் படிப்பவர்கள் அதிகம். வாளில் ஏமாந்தவர்கள் என்னிடம் வருவார்கள். நான் விசாரிப்பேன். என் கூட்டாளி கெங், பார்சல் கொண்டு போகிறவன், மின்வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு போவான். வகுப்பில் எங்களை 'போலீஸ் ஸ்டேஷன்' என்பார்கள்.

அன்று நான் விசாரிக்கவில்லை. வீட்டுக்குப் போவதற்கு முன்பே எழுதிவிட்டேன்: "ஹுய்மெய் கடை வாளை வாங்காதீர்கள். கைப்பிடிக்குள் இருப்பது சாப்பாட்டுக் குச்சி."

ஊர் சிரித்தது. சிரித்தவர்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். சந்தோஷமாக இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

இன்று மதியம் கெங் செய்தி கொண்டுவந்தான். லிஷுய் நகரத்துப் பள்ளி ஒன்று மாணவர்களுக்கான பயிற்சி வாள்கள் முழுவதையும் ஹுய்மெய்யிடம் வாங்குவதாக இருந்ததாம். என் வரியைப் படித்துவிட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளை மதியம் முடிவு. அந்த ஆர்டரை நம்பித்தான் அவள் கடையைப் பிடித்து வைத்திருக்கிறாள்.

"நீ சரியாத்தான எழுதின? அப்புறம் ஏன் மூஞ்சி பொரிச்ச டோஃபு மாதிரி சுருங்குது?" என்றான்.

"சரியான்னு இன்னொரு தடவ பாத்துடலாம்."

"உன் வியாதியே அதான். மத்தவங்க முதல்ல பாத்துட்டு அப்புறம் எழுதுவாங்க."

உடைந்த வாள் உறையோடு அவனிடம்தான் இருந்தது. கழன்ற வாளைக் கைப்பிடியில் செருகி, பழுப்பு நிறப் பார்சல் டேப்பைச் சுற்றி வைத்திருந்தான். "இப்ப இந்த ஊர்லயே உறுதியான வாள் இதுதான்," என்றான்.

ஹுய்மெய்யின் கடைக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தோம். அவள் வாள்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள். எழுந்திருக்கவில்லை.

"சாப்பாட்டுக் குச்சி தீர்ந்துபோச்சு. நாளைக்கு வாங்க," என்றாள்.

"அக்கா, ஒரே ஒரு கேள்வி..."

"அது என் வாள் இல்லன்னு அன்னைக்கே போன்ல சொன்னேன். நீ கேட்டியா?"

கேட்டேன். எல்லாக் கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

"உறையும் அதே கறுப்பு, குஞ்சமும் நம்ம வகுப்பு நீலக் குஞ்சம், லுவோ அண்ணன் பைலருந்துதான் வந்துச்சு..."

"கறுப்பு உறை இந்தத் தெரு முழுக்கத் தொங்குது. நான் வாள் விக்கறப்ப என்ன பண்ணுவேன், யூன்? நீயே உன் கட்டுரைல புகழ்ந்து எழுதினியே." அவள் எண்ணெய்த் துணியை மடித்தாள். "அந்த ஆளு காதுல வெச்சுப் பாத்தியா?"

கதவை முழுவதுமாக இறக்கிவிட்டாள்.

தெருவிலேயே நின்றேன். காதெல்லாம் சூடாகிவிட்டது. ஹுய்மெய் யாருக்கும் அளக்காமல் வாள் கொடுக்க மாட்டாள். இடது கையைத் தொங்கவிட்டு, அதில் வாளை முனை மேலே பார்க்கத் திருப்பிப் பிடித்து நிற்கச் சொல்வாள். கைக்குப் பின்னால் ஏறும் வாளின் முனை காது மடலைத் தொட வேண்டும். தொட்டால்தான் அந்த ஆளுக்கு அந்த வாள். இந்த ஊரில் பயிற்சி செய்கிற எல்லோருக்கும் தெரிந்த அளவு இது. அதைத்தான் நான் மறந்திருந்தேன்.

கெங் டேப் சுற்றிய வாளை அப்படியே பிடித்து நின்றான். முனை அவன் கழுத்துக்குக் கீழே நின்றது.

"நானே குள்ளம். லுவோ அண்ணன் ஒட்டடை அடிக்க ஸ்டூல் தேடாத ஆளு," என்றான். "போலீஸ் ஸ்டேஷன்ல யாராச்சும் இருக்கீங்களா?"

மாலை வகுப்பில் முதல் வேலையாக லுவோ அண்ணனை நிற்க வைத்தேன். முனை அவர் தோளைக்கூட எட்டவில்லை. வகுப்பே பார்த்தது.

"இது உங்க வாளே இல்லண்ணே," என்றான் கெங். "ஒரு சாண் குறையுது. உங்களுக்குத் தெரியலயா?"

லுவோ அண்ணனின் கண்களுக்குக் கீழே கறுப்பாக இருந்தது. வீட்டில் மூன்று மாதக் குழந்தை. "லேசா இருந்துச்சு," என்றார். "என் கை தேறிடுச்சுன்னு நினைச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூளை வேகமாக ஓடியது. அப்படி ஓடும்போது நான் நின்று பார்ப்பதில்லை. அது ஹுய்மெய்யின் வாள் இல்லை. யாரோ தன் தகர வாளை வைத்துவிட்டு அண்ணனின் நல்ல வாளை எடுத்திருக்கிறார்கள். தகர வாள் குட்டை. எடுத்தவரும் குட்டை.

ஒவ்வொருவராக நிற்க வைத்து அளந்தேன். ஒருவருக்குக் கழுத்து, ஒருவருக்குத் தாடை. மருந்துக்கடை லியான் அக்காவுக்கு, கச்சிதமாகக் காது மடல்.

"இது உங்க வாள்," என்றேன். சத்தமாகச் சொன்னேன். "லுவோ அண்ணன் வாள் எங்கக்கா?"

மைதானத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். லியான் அக்கா தன் துணிப்பையின் நாடாவை அவிழ்த்தாள். தன் வாளை உருவி இடது கையில் அதேபோல் திருப்பிப் பிடித்தாள். முனை அவள் காது மடலைத் தொட்டது. ஹுய்மெய் அளந்து கொடுத்த வாள். வாலின் நுனி கைப்பிடிக்கு வெளியே வந்து அடித்து மடக்கப்பட்டிருந்தது. அவள் அண்ணனுடையதை எடுத்திருந்தால் இது அவளிடம் இருந்திருக்காது. அண்ணனுடையதாக இருந்தால் முனை காதுக்கு மேலே ஒரு சாண் நின்றிருக்கும்.

"மருந்துச் சீட்ட ரெண்டு தடவ படிச்சிட்டுத்தான் மருந்து எடுத்துத் தருவேன்," என்றாள். "நீ ஒரு தடவையாச்சும் படி, யூன்."

பிறகு வரிசையில் தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

பாங் ஆசிரியை கைக்கட்டோடு வகுப்பைத் தொடங்கினார். நான் மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். கெங் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்தான்.

"ஒரே வாரத்துல ரெண்டு பேர். மூணாவது யாரு? நான்னா இப்பவே சொல்லிடு, வீட்டுல சொல்லிட்டு வர்றேன்."

"சிரிப்பு வரல, கெங்."

"எனக்கும் வரல. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது." உமியைத் துப்பினான். "அந்த உறைய இப்படிக் குடு. சாயந்தரத்துலருந்து என்னமோ உறுத்துது."

படியின் விளக்கடியில் உறையை உருட்டினான். ஒரு பக்கம் மை போலக் கறுப்பு. மறு பக்கம் வெளுத்த தேநீர் நிறம். வெளுத்த பக்கத்தில் மட்டும், ஒரு முழ இடைவெளியில், விரலகலக் கறுப்புப் பட்டைகள் இரண்டு.

"ஒரு பக்கம் மட்டும் வெயில் காஞ்சிருக்கு," என்றான். "வெயிலுக்குப் படுத்த ஆளு திரும்பிப் படுக்க மறந்துட்டான்."

"இந்த ரெண்டு பட்டை?"

"கொக்கி. பார்சல் ஏத்துன ரேக்குல இப்படித்தான் தடம் விழும். கொக்கி மறைச்ச இடம் வெளுக்காது."

வெயில் ஒரு பக்கம். கொக்கி இரண்டு. நான் எழுந்து நின்றுவிட்டேன். இது சுவரில் மாட்டுகிற வாள். பேய் அண்டாமல் வீட்டுக்குக் காவலாகக் கதவுக்கு மேலே தொங்குகிற வாள். யாரும் கையில் எடுத்துச் சுழற்ற மாட்டார்கள் என்பதால் கம்பியைப் பற்றவைத்து விற்பார்கள். எல்லாச் சுவருக்கும் ஒரே நீளம். எந்தக் காதுக்கும் அளந்ததில்லை. நான் அதை எடுத்துக்கொண்டு காது தேடி அலைந்திருக்கிறேன். லியான் அக்கா செய்த குற்றம், சுவர் வாளின் உயரத்துக்கு வளர்ந்ததுதான்.

"சுவர் வாள் இல்லாத வீடு இந்த ஊர்ல எது?" என்றேன். "எந்தச் சுவர்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ரொம்ப யோசிக்காத, தாயே. வாள் யாரு பைலருந்து வந்துச்சு?"

"லுவோ அண்ணன் பை."

"அந்தப் பை ராத்திரி எங்க தூங்குது?"

மைதானத்தைத் திரும்பிப் பார்த்தேன். லுவோ அண்ணன் இரவல் வாளோடு, அரைத் தூக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

"அவங்க வீட்டுக்கு டயப்பர் பார்சல் ஒண்ணு இருக்கு," என்றான் கெங். "நாளைக்குத்தான் குடுக்கணும். நான் சுறுசுறுப்பான ஆளு."

ஐந்தாவது மாடி. கதவைத் திறந்தவள் லுவோ அண்ணனின் மனைவி யாஜிங். உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறாள். இப்போது பிரசவ விடுப்பில் இருக்கிறாள். உதட்டில் விரலை வைத்தாள். குழந்தை தூங்குகிறது.

இனி நடந்தது எல்லாம் கிசுகிசுப்பில்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்றாள்.

கெங் பெட்டியை அவளிடம் நீட்டினான். அவளைத் தாண்டி உள்ளே பார்த்தான். நானும் பார்த்தேன். படுக்கையறைக் கதவுக்கு மேலே, எதிர்ச் சன்னலின் வெயில் படும் இடத்தில், இரண்டு கொக்கிகளில் ஒரு வாள் தொங்கியது. சிவப்புக் குஞ்சம். சுவரில் வாளின் வடிவத்திலேயே ஒரு தடம் இருந்தது. சுற்றிலும் சுண்ணாம்பு பழுத்திருக்க, அந்த இடம் மட்டும் வெள்ளை. தொங்கிய வாள் அந்தத் தடத்தைவிட ஒரு சாண் நீளம். முனை தடத்தைத் தாண்டி அலமாரியில் இடித்துக்கொண்டு நின்றது.

"அக்கா," என்றேன், "அந்த வாள் எப்ப வளந்துச்சு?"

அவள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த டேப் சுற்றிய வாளை. கன்னம் சிவந்து, கழுத்து சிவந்தது. டயப்பர் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"பாங் டீச்சர் கைல எத்தன தையல்?" என்று கேட்டாள்.

"ஆறிடும்க்கா. அவங்க இன்னைக்கே வகுப்புக்கு வந்துட்டாங்க."

"நான் சமையல் கட்டுல நின்னு அழுதேன். அவர்கிட்ட சொல்லல." நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "ரெண்டு மாசமா குழந்த தூங்கவே இல்ல. டாக்டர் ஒண்ணும் இல்லன்னுட்டாரு. கதவுக்கு மேல கல்யாணத்துக்கு வந்த காவல் வாள் ஒண்ணு இருந்துச்சு. நான் அதைத் திரும்பிக்கூடப் பாத்ததில்ல. நான் இயற்பியல் டீச்சர். அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். அப்புறம் ஒரு நாள், குழந்தைய மடில வெச்சுக்கிட்டு போன்ல என்னமோ படிச்சேன்."

"என்ன படிச்சீங்க?" என்றான் கெங்.

"யாரோ ஏழை வாள்காரியாம். 'சுவர் வாள் என்பது வண்ணம் பூசிய தகரம். அதைப் பார்த்தால் பேய் சிரிக்கும்'னு எழுதியிருந்தா. நானும் சிரிச்சேன். அப்புறம் குழந்த அழுதுச்சு. அப்ப அண்ணாந்து பாத்தேன்." மறுபடியும் கதவுக்கு மேலே பார்த்தாள். "சிரிக்கிற மாதிரியே இருந்துச்சு."

கெங் என்னைப் பார்த்தான். அவன் வாயில் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். அவன் வாய் மூடி நான் பார்த்தது அப்போதுதான்.

"அதே ஆளு நல்ல வாள்னு சொன்ன கடைலதான் இவரும் வாங்கியிருந்தாரு. ஞாயித்துக்கிழம இவரு குளிக்கப் போனப்ப மாத்திட்டேன். குஞ்சத்தையும் அவுத்து மாத்திக் கட்டினேன். வகுப்புல சும்மா காத்தத்தான வெட்டுறாங்க, தகரம் போதும்னு நினைச்சேன். கழண்டு போகும்னு நினைக்கவே இல்ல. சுழற்றினா வெளிப்பக்கம் இழுக்குற விசை எவ்வளவுன்னு வருஷா வருஷம் பிள்ளைங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுறேன். நான் நினைக்கவே இல்ல."

"குழந்த?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாத்தின நாள்லருந்து தூங்குறா. அதுதான் இன்னும் கேவலமா இருக்கு. மூணு மாசம் ஆனா குழந்தைங்க தானாவே தூங்க ஆரம்பிக்கும், எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அத எறக்கக் கை வரல. அந்தக் கடைக்காரப் பொண்ணப் பத்தி எல்லாரும் சிரிச்சப்பகூட எறக்கல."

"அக்கா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அக்கா, அந்த ஏழை வாள்காரி நான்தான். குச்சின்னு எழுதினதும் நான்தான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நல்லா எழுதுறீங்க," என்றாள் மெதுவாக. "நம்பிடத் தோணுது."

நாளை மதியத்துக்குள் லிஷுய் பள்ளி முடிவு செய்யும் என்று கெங் சொன்னான். நல்ல வாளைக் கொண்டுபோய், கைப்பிடியைப் பிரித்து, வாலைக் காட்டினால்தான் ஹுய்மெய்யின் பேர் மீளும். என் வெறும் வார்த்தையை இனி யார் நம்புவார்கள்? அதே சமயம், வாள் எங்கே கிடைத்தது என்று ஊர் கேட்கும். பேய்க்குப் பயந்த இயற்பியல் ஆசிரியை என்று சிரிக்கும். சிரிக்க வைக்க என்னைப்போல ஒருத்தி போதும்.

"எந்த வீடுன்னு நான் சொல்ல மாட்டேன்," என்றேன். "தப்பாப் பாத்தது நான், தப்பா எழுதினது நான். அவ்வளவுதான் எழுதுவேன். அதுக்கு மேல கேட்டா சொல்ல மாட்டேன், திட்டட்டும்."

"அவருக்கு நானே சொல்லிடுறேன்," என்றாள் யாஜிங். "பாங் டீச்சருக்கும்."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளே ஏறினாள். கொக்கியிலிருந்து வாளை எடுக்கும்போது உறை அலமாரியில் தட்டி டங்கென்று ஒலித்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உள்ளே குழந்தை ஒருமுறை முனகியது. பிறகு சீரான மூச்சு.

அவள் நாற்காலியில் நின்றபடியே அந்த வெள்ளைத் தடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாளை என்னிடம் நீட்டியபோது கைப்பிடி என் பக்கம் இருந்தது.

படியிறங்கும்போது கெங் கையிலிருந்த ஒரு டேப் துண்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்தான்.

"என்ன அது?"

"சுவர்த் தடத்தோட நீளம். நீ மேல கண்ணத் தொடச்சிட்டு இருந்தப்ப நாற்காலில ஏறி அளந்து கிழிச்சேன்," என்றான். "போலீஸ் ஸ்டேஷன்ல ஒருத்தராச்சும் முதல்ல அளக்கணும்ல?"

வீட்டுக்கு வந்ததும் அந்த வரியை எடுத்துவிட்டேன். சுவர் வாளைக் கிண்டல் செய்த கட்டுரையையும் எடுத்தேன். எடுத்ததால் ஒன்றும் மாறவில்லை, படித்தவர்கள் படித்துவிட்டார்கள். புதிதாக எழுத உட்கார்ந்து நான்கு தடவை அழித்தேன். ஒவ்வொரு தடவையும் எங்காவது ஒரு நகைச்சுவை வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்தாவது தடவை எழுதியது இது: "அது ஹுய்மெய் விற்ற வாள் இல்லை. நான் அளக்காமல் எழுதினேன். லியான் அக்காவையும் தவறாகக் குற்றம் சொன்னேன். இருவரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." இதற்கு இதுவரை யாரும் சிரிக்கவில்லை. அதிகம் பேர் படிக்கவும் இல்லை.

ஹுய்மெய்க்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

நாளைய வேலை: காலையில் தெரு முழுவதும் கடை திறக்கும் நேரத்தில் ஹுய்மெய் வாசலில் நிற்க வேண்டும். பக்கத்துக் கடைகளுக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். அவள் அனுமதித்தால் லுவோ அண்ணன் வாளின் கைப்பிடியை அங்கேயே பிரித்துக் காட்டி, மதியத்துக்கு முன் கெங்கின் வண்டியில் அதை லிஷுய் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்குப் பிறகும் அவள் எனக்கு விற்பாள் என்றால், உண்மையான எஃகில், கெங் வைத்திருக்கும் டேப்பின் நீளத்துக்கு, அந்தச் சுவரில் மாட்ட ஒரு வாள் வாங்க வேண்டும்.